கடைசி ஆள் வந்து சேரட்டும்: உங்கள் ஏரியாவில் ஓர் ஓட்டக் குழு தொடங்க

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தரை மணி. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் அந்த வெள்ளை ஸ்மிட் மண்டபத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தோம். "ஓட விருப்பம் இருக்கிறவர்கள் வரலாம், காசு கிடையாது, வேகம் முக்கியமில்லை" என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் போட்டிருந்தோம். வந்தது மூன்று பேர். அதிலும் ஒருவர் வழக்கமாக அங்கே நடக்க வருகிறவர், நாங்கள் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து "என்ன தம்பி நடக்குது இங்க?" என்று கேட்டு அப்படியே சேர்ந்துகொண்டவர். இப்போது சாதாரண ஞாயிறில் முப்பத்தைந்து, நாற்பது பேர் வருகிறார்கள். கல்லூரிப் பையன் இருக்கிறான், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அறுபத்தெட்டு வயது மாமா இருக்கிறார், கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு சேலையில் ஓடும் ஓர் அக்காவும் இருக்கிறார்.

தாம்பரத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் தெரிந்தவர்கள் "நாங்களும் ஆரம்பிக்கணும், எப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போனில் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். நடந்த குளறுபடிகளையும் சேர்த்தே எழுதுகிறேன். எங்களிடம் இருக்கும் விதிகளில் பாதி அந்தக் குளறுபடிகளில் பிறந்தவைதான்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். வழி, நேரம், தண்ணீர், சாவி, காபி என்று எந்த முடிவாக இருந்தாலும் கடைசியாக வந்து சேரப்போகிற ஆளை மனதில் வைத்து எடுங்கள். வேகமாக ஓடுகிறவருக்குக் குழு தேவையே இல்லை, அவர் தனியாகவும் ஓடுவார். குழு தேவைப்படுவது கடைசியில் வருகிறவருக்கு.

இதை நாங்கள் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதமில்லை. இரண்டாவது மாதம் ஒரு பெண் முதல்முறையாக வந்தார், புது ஷூ, புது வாட்ச், முகமெல்லாம் சிரிப்பு. நாங்கள் பத்து பன்னிரண்டு பேர் ஐந்து கிலோமீட்டர் ஓடி முடித்து, வழக்கம்போல காபி குடிக்கப் போய்விட்டோம். எல்லோரும் வந்தாயிற்று என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம், யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அவர் கால் மணி நேரம் கழித்து மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அங்கே ஆளில்லை. அவருடைய கைப்பையும் போனும் எங்களில் ஒருவருடைய கார் டிக்கியில். அடுத்த வாரம் அவர் வரவில்லை, அதற்கப்புறம் எப்போதும் வரவில்லை. மன்னிப்புக் கேட்டு அனுப்பிய செய்திக்கு "பரவாயில்லைங்க" என்று ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. அந்த வார்த்தை இன்னும் என் போனில் இருக்கிறது.

அன்றிலிருந்து வால் ஆள் என்று ஒருவர் உண்டு. ஒவ்வொரு வாரமும் ஒருவர் முறை, மாற்றி மாற்றி. அவருடைய வேலை எல்லோருக்கும் பின்னால் வருவது, அவ்வளவுதான். யார் நின்றாலும் அவர் நிற்பார், யார் நடந்தாலும் அவர் நடப்பார், அவர் வந்து "முடிஞ்சுது" என்று சொல்லும் வரை யாரும் காபிக்குக் கிளம்பக் கூடாது. லண்டனில் புஷி பார்க்கில் 2004 அக்டோபரில் பதின்மூன்று பேர் ஓடித் தொடங்கிய பார்க்ரன் இன்று எத்தனையோ நாடுகளில் வாராவாரம் நடக்கிறது. அதிலும் கடைசியாக நடந்து வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார். வருகிறவர்கள் யாரும் கடைசி இடம் பிடிக்க மாட்டார்கள், அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஆள் போட்டாயிற்று. எங்கள் குழுவில் வங்கி மாமாதான் இந்த வேலையை மிகவும் விரும்பிச் செய்கிறவர். முதல்முறை வருகிறவரோடு பேச்சுக் கொடுத்தபடியே வருவார், வந்து சேரும்போது அந்த ஆளுக்குப் பாதிக் குழுவின் பெயர் தெரிந்திருக்கும்.

கூடும் இடமும் நேரமும்

ஆட்டோக்காரருக்குத் தெரிந்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள். "பார்க் பின்பக்க கேட் பக்கத்துல, மஞ்சள் சுவர்" என்றெல்லாம் சொன்னால் முதல்நாள் வருகிறவர் இருட்டில் அலைந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டும், இதை யாரும் கேட்க மாட்டார்கள், பெண்கள் நிச்சயம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் அது இல்லாததாலேயே வராமல் போவார்கள். விடியற்காலையில் திறந்திருக்கிறதா என்று நீங்களே ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, வண்டி நிறுத்த இடம் உண்டா, நாலு மனிதர் நடமாட்டம் உண்டா என்பதையும் அந்த நேரத்திலேயே பார்த்துவிடலாம். எங்கள் ஸ்மிட் மண்டபம், 1930இல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை விட்ட டென்மார்க் மாலுமி ஒருவரின் நினைவாகக் கட்டியது. அங்கே போய்க் கூடுவது எனக்குத் தனிப்பட்ட முறையில் ரொம்பப் பிடித்த விஷயம்.

நேரம் வருடம் முழுக்க ஒன்றாக இருக்க முடியாது. சென்னையில் ஜனவரியில் சூரியன் உதிக்க ஆறரை ஆகும், மே கடைசியில் ஐந்தே முக்காலுக்கு முன்பே வந்துவிடும். அதனால் மார்கழி, தை மாதங்களில் ஐந்தே முக்காலுக்கு ஆரம்பிக்கிறோம், கத்திரி வெயில் நாட்களில் ஐந்து மணிக்கு. ஐந்தரை என்று சொன்னால் ஐந்தரைக்குக் கிளம்பிவிடுங்கள். "இன்னும் ரெண்டு பேர் வந்துட்டே இருக்காங்க" என்று ஒருமுறை காத்திருந்தால் அடுத்த வாரம் எல்லோருமே ஐந்தே முக்காலுக்குத்தான் வருவார்கள். தாமதமாக வருகிறவர் வழி தெரிந்து பின்னால் சேர்ந்துகொள்ளட்டும்.

வாரா வாரம் நடத்துங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வைத்தால் இந்த வாரம் உண்டா இல்லையா என்ற கேள்வியிலேயே பாதிப் பேர் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். மழை பெய்தாலும் யாராவது ஒருவர் போய் நில்லுங்கள். 

வழி போடுவது

ஒரே நேரத்தில் எல்லோரும் திரும்பி வரவேண்டும் என்றால் தூரக் கணக்கை விட்டுவிட்டு நேரக் கணக்குக்கு வாருங்கள். இருபது நிமிடம் ஒரே திசையில் அவரவர் வேகத்தில் ஓடுங்கள், இருபதாவது நிமிடத்தில் எங்கே இருந்தாலும் திரும்புங்கள். வேகக்காரர் அதிக தூரம் போயிருப்பார், மெதுவாக ஓடியவர் குறைந்த தூரம், ஆனால் திரும்பி வந்து சேரும்போது எல்லோரும் ஏறக்குறைய ஒன்றாக வருவார்கள். புதியவர்கள் நிறைய வரும் நாட்களில் இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை. யாரும் வழி தவற முடியாது, யாரையும் யாரும் அளந்து பார்க்கவும் முடியாது.

சுற்றுப்பாதை கிடைத்தால் அதுவும் நல்லது. கோயம்புத்தூர் நண்பர்கள் இதில் கொடுத்துவைத்தவர்கள், ரேஸ்கோர்ஸ் நடைபாதை அவர்களுக்காகவே போட்டதுபோல இருக்கிறது. சுற்றில் ஓடும்போது கடைசி ஆளை முதல் ஆள் தாண்டிப் போவார், "சூப்பர் அக்கா, வாங்க வாங்க" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவார்.

வழி தவறிய கதை எங்களிடம் ஒன்று உண்டு, இன்றும் காபிக் கடையில் யாராவது எடுத்துவிட்டால் அரை மணி நேரம் போகும். 1938இல் கோலாலம்பூரில் ஆங்கிலேயர்கள் சிலர் ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ் என்று ஒரு ஓட்டக் குழு தொடங்கினார்கள், இன்று உலகம் முழுக்க அதன் கிளைகள் இருக்கின்றன. அதில் ஒருவர் முயல், மற்றவர்கள் துரத்தும் நாய்கள். முயல் முன்னால் போய் காகிதத்தாலோ மாவாலோ தடம் போட்டுக்கொண்டே போகும். நடுநடுவே பொய்த் தடமும் போடும். முன்னால் பாய்ந்து ஓடுகிறவர்கள் பொய்த் தடத்தில் போய் முட்டித் திரும்பி வருவதற்குள் பின்னால் வருகிறவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். மெதுவாக ஓடுகிறவரையும் கூட்டத்தோடு சேர்க்க என்ன அருமையான வழி பாருங்கள்! படித்ததும் நாமும் செய்வோம் என்று துள்ளினோம்.

கோலமாவு ஒரு கிலோ வாங்கினோம். நான்தான் முயல். மார்கழி மாதம், காலை நாலரைக்கே கிளம்பி, கலாக்ஷேத்ரா காலனிப் பக்கத்துத் தெருக்களில் ஒவ்வொரு முனையிலும் அழகாக அம்புக்குறி போட்டுக்கொண்டு போனேன். ஐந்து மணிக்கு வீட்டுக் கதவுகள் திறந்தன. வாசல் தெளித்தார்கள், பெருக்கினார்கள், கோலம் போட்டார்கள். என் அம்புகளில் பாதி சாணித் தண்ணீரோடு போய்விட்டன, மீதி இருந்தவை நூறு கோலங்களுக்கு நடுவே எது எது என்று தெரியாமல் கலந்துவிட்டன. பதினெட்டுப் பேர் தெருமுனையில் நின்று ஒரு சிக்குக் கோலத்தின் ஓரத்தைக் காட்டி "இது அம்புதான்", "இல்ல சார், இது தாமரை இதழ்" என்று வாதாடியிருக்கிறார்கள். அந்த வீட்டு அம்மா வெளியே வந்து, "என் கோலத்துல என்னப்பா தேடுறீங்க?" என்று கேட்டிருக்கிறார். ஆறு பேர் திருவான்மியூர் வரை போய்விட்டார்கள். ஐந்து கிலோமீட்டர் ஓட வந்தவர்கள் ஒன்பது கிலோமீட்டர் ஓடி, வழியில் ஒரு கோயிலில் சுடச்சுட வெண்பொங்கல் பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு தொன்னையோடு திரும்பி வந்தார்கள். அன்றைக்குப் போல நாங்கள் சிரித்த நாள் வேறு இல்லை.

நீங்களும் தடம் பிடித்து ஓடும் ஆட்டம் வைத்துப் பாருங்கள், வருடத்துக்கு இரண்டு முறை கட்டாயம் வையுங்கள், குழந்தைகளைக் கூட்டி வரச் சொல்லுங்கள். ஆனால் மார்கழியில் வேண்டாம், மாவும் வேண்டாம். மரத்திலும் கம்பத்திலும் கட்டுகிற மாதிரி சிவப்புத் துணி நாடா வெட்டிக்கொள்ளுங்கள், ஓட்டம் முடிந்ததும் வால் ஆள் ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு வந்துவிடலாம், தெருவில் குப்பையும் சேராது.

இதில் இன்னொரு பழக்கமும் எங்களுக்கு வந்தது. மார்கழி முழுக்க முன்னால் ஓடுகிறவர் "கோலம்!" என்று குரல் கொடுப்பார், பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராக அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே ஒதுங்கி ஓடுவார்கள். "பள்ளம்!", "வண்டி!", "நாய்!" எல்லாம் அதே கணக்குதான். ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து புள்ளி வைத்துப் போட்டதை நாற்பது ஜோடி ஷூ மிதித்துக்கொண்டு போவது சரியில்லை. இப்போது அந்தத் தெருவில் இரண்டு மூன்று வீட்டில் எங்களைப் பார்த்தால் கையசைப்பார்கள்.

ஊர் நாள்காட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும், ஊர் ஊராக நடந்தே வரும் பக்தர்கள் தெருவெல்லாம் நிறைந்திருப்பார்கள். அந்த நாட்களில் நாங்கள் அந்தப் பக்கமே ஓடுவதில்லை, வழியை மாற்றிவிடுகிறோம். அதேபோல வடகிழக்குப் பருவமழையில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, தண்ணீர் தேங்கிய தெருவில் ஓடவே ஓடாதீர்கள். தண்ணீருக்கு அடியில் மூடி இல்லாத சாக்கடைக் குழி இருக்கலாம், அறுந்து விழுந்த மின்கம்பி இருக்கலாம். கணுக்கால் அளவுத் தண்ணீர்தானே என்று இறங்க வேண்டாம், அன்று காபியோடு கலைந்துவிடுங்கள்.

கடற்கரை மணலில் ஓட ஆசைப்படுவார்கள். புதியவர்களை மெத்தென்ற மணலில் ஓட விடாதீர்கள், கால் புதைந்து புதைந்து எழும்பும்போது கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் ரொம்ப இழுபடும், மறுநாள் படி இறங்க முடியாது. அலை நனைத்த இறுகிய மணல் கொஞ்சம் தேவலை. அதிலும் பத்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள்.

சாவி, வாழைப்பழம், டீ சர்ட்

ஓடும்போது சாவியை எங்கே வைப்பது என்பது எல்லாக் குழுவுக்கும் வரும் பிரச்சினை. நாங்கள் ஒரு துணிப்பை கொண்டுவந்து எல்லோருடைய சாவியையும் அதில் போட்டு, பாதி தூரம் மட்டும் ஓடும் ஒருவரிடம் கொடுத்துவைத்தோம். ஒரு வாரம் அவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார், பை தோளில். பதினோரு சாவி. போன் செய்தால் எடுக்கவில்லை, வண்டி ஓட்டுகிறாரே. பதினொரு பேர் வியர்வை சொட்ட மண்டபத்துப் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வீட்டுக்குப் போய்ப் பையைக் கழற்றியபோதுதான் உள்ளே ஏதோ சலசலக்கிறதே என்று பார்த்திருக்கிறார். பாவம், அரக்கப்பரக்கத் திரும்பி வந்தவர் எல்லோருக்கும் இட்லி வாங்கிக்கொண்டு வந்தார்.

இப்போது சாவியை எங்கள் காபிக் கடை அண்ணனிடம் கொடுத்துவிடுகிறோம். ஆணியில் மாட்டிவைப்பார். நீங்களும் குழு தொடங்கும்போதே பக்கத்தில் ஒரு கடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவருக்கு வாரா வாரம் நாற்பது காபி வியாபாரம், உங்களுக்குச் சாவி வைக்க இடம், மழைக்கு ஒதுங்க இடம், யாருக்காவது தலை சுற்றினால் உட்கார வைக்க ஒரு பெஞ்சு. 

வாழைப்பழ விஷயம் சின்னதுதான். ஓடி முடித்து வருகிறவர்களுக்காக இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கி சுவர்மேல் வைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது ஒரு பசுமாடு கடைசிப் பழத்தைத் தோலோடு மென்றுகொண்டிருந்தது. பழத்துக்கும் தண்ணீருக்கும் ஆள் வையுங்கள்.

டீ சர்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அது குழுவையே உடைக்கப் பார்த்தது. எல்லோரும் ஒரே மாதிரி போட்டால் நன்றாக இருக்கும் என்று ஆளுக்கு முந்நூறு ரூபாய் வசூலித்து, ஆரஞ்சு நிறத்தில் அடிக்கக் கொடுத்தோம். பருத்தித் துணி. முதல் மழையில் சாயம் போயிற்று, வெள்ளை ஷூவெல்லாம் ஆரஞ்சு, கழுத்தெல்லாம் ஆரஞ்சு, ஒருவருடைய வீட்டில் வாஷிங் மெஷினில் போட்ட பள்ளிச் சீருடையும் ஆரஞ்சு. அதோடு அளவும் பொருந்தவில்லை, கடைக்காரரிடம் ஆண்களுக்கான அளவு மட்டும்தான் இருந்திருக்கிறது, பெண்கள் யாருமே போட முடியாமல் வீட்டில் மடித்து வைத்தார்கள். காசு வாங்கியவர் மேல்தான் எல்லோருக்கும் கோபம் வந்தது.

ஆகவே அவசரப்படாதீர்கள். ஆறு மாதம் குழு நிலைத்தால் அப்புறம் பார்க்கலாம். அடிப்பதானால் வியர்வை சீக்கிரம் உலரும் பாலியஸ்டர் துணியில், வெளிர் நிறத்தில், பெண்களுக்குத் தனி அளவில் அடியுங்கள். திருப்பூர்ப் பக்கம் தெரிந்தவர் யாராவது குழுவில் இருப்பார், அவரிடம் கேளுங்கள். முதலில் ஒரே ஒரு சட்டை வாங்கி வாளித் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பாருங்கள். காசு வாங்கினால் கணக்கை அன்றே குழுவில் போட்டுவிடுங்கள், பத்து ரூபாய் மீதியாக இருந்தாலும் சரி.

ஓடத் தெரியாதவர்களை ஓட வைப்பது

"எனக்கு ஓட வராது" என்று சொல்லிக்கொண்டே வருகிறவர்கள்தான் அதிகம். அவர்களை ஒரு நிமிடம் ஓடவும் இரண்டு நிமிடம் நடக்கவும் சொல்லுங்கள், அதை எட்டு முறை செய்தால் முதல்நாள் போதும். வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒருநாளாவது ஓய்வு. ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நடையைக் குறைத்துக்கொண்டே வந்தால் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் பெரும்பாலானவர்கள் அரை மணி நேரம் நிற்காமல் ஓடிவிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் ஒலிம்பிக் ஓட்டக்காரராக இருந்த ஜெஃப் கேலோவே எழுபதுகளிலிருந்தே இந்த ஓடி நடக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்து, எத்தனையோ பேரை 42.195 கிலோமீட்டர் மாரத்தான் வரை கொண்டுபோயிருக்கிறார். நடப்பது குறை இல்லை என்பதைப் புதியவர் காதில் விழும்படி, முதல்நாளே சத்தமாகச் சொல்லுங்கள்.

வேகத்துக்கு ஒரே அளவுகோல், பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். "நேத்து எங்க வீட்டுல என்ன குழம்பு தெரியுமா" என்று மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் சரியான வேகம். வெறும் "ஆமா", "ம்" மட்டும் வந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். வாட்ச் பார்க்க வேண்டியதே இல்லை.

ஷூவுக்குப் பெரிய செலவு வேண்டாம், கால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போய் வாங்குங்கள். இறுக்கமான ஷூ போட்டு ஓடினால் நகம் கறுத்துப்போய் விழும். தொடை உரசி எரியும் என்று சொல்ல வெட்கப்படுகிறவர்கள் ஏராளம், ஓடுமுன் அங்கே வாஸ்லின் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள். 

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள், வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு வரட்டும். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் பாக்கெட்டில் இரண்டு குளுக்கோஸ் பிஸ்கட்டோ மிட்டாயோ இருக்க வேண்டும், அவருக்கு சர்க்கரை இருக்கிறது என்பது வால் ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெயிலும் நாயும்

சென்னை விடியற்காலை குளிர்ச்சியாக இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், ஈரக் காற்றில் வியர்வை சொட்டுமே தவிர சரியாக ஆவியாகாது. அதனால் மே மாதத்தில் ஏழு மணிக்கு மேல் ஓட்டத்தை நீட்டாதீர்கள், குளிர்காலத்தில் ஓடிய அதே வேகத்தை யாரிடமும் எதிர்பார்க்காதீர்கள். உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ வைத்துக்கொள்ளுங்கள், இளநீர் கிடைத்தால் இன்னும் நல்லது. வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்துதான், ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும், தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும்.

எங்களோடு ஓடும் ஒருவர், முப்பத்தைந்து வயதுதான், கத்திரி வெயில் நேரத்தில் நாலாவது கிலோமீட்டரில் கோணல்மாணலாக ஓட ஆரம்பித்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். பின்னால் வந்த வால் ஆள் செவிலியர், எங்கள் அதிர்ஷ்டம். உடனே மர நிழலில் படுக்கவைத்து, கையிலிருந்த தண்ணீரையெல்லாம் தலையிலும் மார்பிலும் ஊற்றி, எதிர்க் கடையில் ஐஸ் வாங்கி அக்குளிலும் கழுத்திலும் வைத்து, சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டே 108க்கு போன் செய்யவைத்தார். நல்லபடியாக வீடு திரும்பினார். பேச்சுக் குழறினால், குழப்பமாகப் பேசினால், தள்ளாடினால் அது வெறும் களைப்பு இல்லை. ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் முதலில் குளிரவையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒவ்வொருவர் வீட்டு எண்ணும் ஒரு பொதுப் பட்டியலில் இருக்கட்டும், வால் ஆளிடம் போன் கட்டாயம் இருக்க வேண்டும், சார்ஜ் உள்ள போன்.

நாய்களைப் பார்த்து ஓடாதீர்கள் என்று ஓட்டக் குழுவிடம் சொல்வது கஷ்டம்தான், ஆனால் அதுதான் வழி. நாய் இருக்கும் தெருவில் நடந்து கடந்து, அப்புறம் ஓடுங்கள். எங்கள் வழியில் ஒரு மீன் கடைப் பக்கம் நாலு நாய்கள் உண்டு, நாங்கள் பாய்ந்து வந்தால் குரைத்துக்கொண்டு துரத்தும், மெதுவாக நடந்தால் தலையைக்கூடத் தூக்காது. கடித்துவிட்டால், பல் பட்டுச் சின்னக் கீறல் விழுந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிற விஷயமே இல்லை இது, மஞ்சள் வைத்துக் கட்டுகிற விஷயமும் இல்லை.

குழுவைக் காப்பாற்றுவது

வாட்ஸ்அப் குழுவில் ஓட்டம் பற்றி மட்டும் எழுத வேண்டும் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். குட்மார்னிங் படமும் அரசியலும் நுழைந்தால் அடுத்த வார நேரம் என்ன என்பது எங்கோ மேலே போய்ப் புதைந்துவிடும். பெண்கள் வரவேண்டும் என்று நினைத்தால் பொறுப்பில் பெண்கள் இருக்க வேண்டும், வழி முடிவு செய்யும்போது அவர்களைக் கேட்க வேண்டும். அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் உடைந்த பாலம் வரை ஓடலாம் என்று ஆண்கள் எல்லோரும் சொன்னபோது, "அந்த நேரத்துல அங்க ஆளே இருக்காது, நாங்க வரமாட்டோம்" என்று ஓர் அக்கா சொன்னார். நியாயம்தானே. அந்த வழியை விட்டோம். பெண்களைப் படமெடுத்துக் கேட்காமல் எங்கும் போடக் கூடாது என்பதும் எங்கள் விதி.

ஜனவரியில் சென்னை மாரத்தான் வரும்போது எல்லோருக்கும் வேகம் பிடித்துக்கொள்ளும், நேரக் கணக்கு, பயிற்சி அட்டவணை என்று பேச்சு மாறும். ஓடட்டும், நாங்களும் ஓடுகிறோம், கூட்டமாகப் போய் வழியில் நின்று கை தட்டுகிறோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை அதற்காக மாற்றாதீர்கள். பயிற்சி செய்கிறவர்கள் புதன்கிழமை தனியாகக் கூடட்டும்.

நாற்பது பேர் நடைபாதையில் ஓடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க நேர்ந்ததில்லை. ஒலிபெருக்கி, மேடை, சாலையை மறிப்பது என்று போனால் காவல்துறை அனுமதி தேவைப்படும், முதல் வருடம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, ஆரம்பித்துவிடுங்கள். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு இதைத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினால் போதும், இடத்தையும் ஆளையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: "நாளை காலை 5.30, ஸ்மிட் மண்டபம் எதிரே. 20 நிமிடம் போய் 20 நிமிடம் திரும்பி வருவோம். ஓடலாம், நடக்கலாம். கழிப்பறை இருக்கிறது. சாவியைக் காபிக் கடை அண்ணனிடம் கொடுக்கலாம். கடைசியாக வருகிறவருடன் மாமா வருவார். அவர்கள் வந்தபிறகுதான் காபி."